மொட்டைச்சாமி ஸ்டாப்

முட்டாள்தனத்தில் என்னை மிஞ்ச போடிநாயக்கனூரில் ஆள் கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்துச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். பத்தாவது வயதில் நான் ஒரு சாமியை உண்டாக்கினேன். அதோடு கையைக் கழுவியிருந்தால் கெட்டிக்காரப் பயல் என்று எனக்கு நானாவது முதுகில் தட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் உண்டாக்கிய இரண்டாம் மாதமே அந்தச் சாமிக்குப் பயந்து காய்ச்சலில் விழுந்தேன். காய்ச்சல் தெளிய அதே சாமியிடம் திருநீறும் வாங்கிப் பூசிக்கொண்டேன். தெளியவும் செய்தது. இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படி முட்டாளாக இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

நாடு சுதந்திரம் வாங்கி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். நாங்கள் நகரில் குடியிருந்தோம். நகர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். போடி ஊர் முடிந்து, பஞ்சு ஆலை முடிந்து, முனிசிபாலிட்டியின் கடைசி விளக்குக் கம்பமும் முடிந்து, அதற்கப்புறமும் மலைரோட்டில் அரை மைல் நடந்தால், சோளக்காட்டை மனை போட்டு விற்ற இடத்தில் பதினொரு வீடுகள். முகப்பில் ஒரு தகரப் பலகை. மனை விற்ற ஏலக்காய் வியாபாரி அதில் தன் தாயார் பெயரை எழுதி, பக்கத்தில் ‘நகர்’ என்று போட்டிருந்தார். முதல் வருஷத்து ஆடிக்காற்று தாயார் பெயர் இருந்த பாதியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருந்தது ‘நகர்’ மட்டும். அந்தப் பக்கம் போகிற மாட்டுவண்டிக்காரர்கள் அதைத் தங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள்.

அப்பாவுக்கு மட்டும் அது பட்டணம். “இன்னும் அஞ்சு வருஷம். ஊரு நம்மளைத் தேடி வரும் பாரு” என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா, “வரட்டும். அதுவரைக்கும் மண்ணெண்ணெய் வாங்க நாம ஊரைத் தேடிப் போவோம்” என்பாள். பள்ளிக்கூடத்தில் எனக்குக் காட்டுப்பூனை என்று பெயர். “மலையடிவாரத்துல இருந்து வர்றான்டா, வாலு இருக்கான்னு பாருங்கடா” என்று டிராயரைப் பிடித்து இழுப்பார்கள். நாங்கள் டவுன்காரர்கள் என்று நிரூபிக்க எனக்கு ஒரே ஒரு சாட்சிதான் வேண்டியிருந்தது. எங்கள் வீட்டு வாசலில் ஒரு பஸ் நிற்க வேண்டும்.

பஸ் வராமல் இல்லை. தினமும் சாயங்காலம் நாலே முக்காலுக்கு போடி ஸ்டாண்டிலிருந்து மலைபஸ் ஒன்று கிளம்பும். ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர்கள், அரிசிமூட்டை, கருவாட்டுக் கூடை, கூரையில் கட்டிய கோழிகள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஐந்து மணிக்கு எங்கள் நகரைத் தாண்டும். தாண்டும் என்பதுதான் முக்கியம். நிற்காது. வாசலில் காயப்போட்ட வத்தல் மேல் ஒரு படி புழுதியை அள்ளிப் போட்டுவிட்டுப் போகும். அடுத்து நிற்பது நாலு மைல் தள்ளி மலையடிவாரத்தில்தான்.

இதை நிறுத்த அப்பா ஏழு மனு போட்டிருந்தார். அவர் ஏலக்காய் மண்டி ஒன்றில் டைப் அடிக்கிறவர். மனுக்களை இங்கிலீஷில்தான் அடிப்பார். தமிழில் எழுதினால் படித்துவிட்டு மறுத்துவிடுவார்கள், இங்கிலீஷில் எழுதினால் படிக்காமலே பயப்படுவார்கள் என்பது அவர் கணக்கு. பஸ் முதலாளி பயப்படவில்லை. மலைபஸ் மலைக்குத்தான் போகும், வீட்டுக்கு வீடு நிற்க அது தபால்காரன் இல்லை என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார். அப்பா எட்டாவது மனுவுக்குத் தாள் எடுத்தார். சாமி இல்லை என்று பேசுகிற கூட்டங்களுக்குப் போய் முன்வரிசையில் உட்காருகிறவர் அவர். தாளில் அடித்து அனுப்பினால் எதுவும் நடக்கும் என்பதுதான் அவருக்கிருந்த ஒரே பக்தி.

அந்த வருஷம் பஸ் நிற்பது திடீரென்று பெரிய காரியமாகிவிட்டது. காரணம் அக்கா.

அக்கா எட்டாம் வகுப்பை முதலாவதாக முடித்திருந்தாள். ஹைஸ்கூல் ஊரின் அடுத்த கோடியில் இருந்தது. காலையில் அப்பா மண்டிக்குப் போகும்போது சைக்கிளில் ஏற்றிப் போய்விடுவார். சாயங்காலம் அவர் வர ஏழு மணி ஆகும். என் பள்ளிக்கூடம் முன்னதாகவே விட்டுவிடும் என்பதால் அக்கா தனியாக நடந்துதான் வர வேண்டும். பஞ்சு ஆலை வரைக்கும் ஆள் நடமாட்டம் உண்டு. அதற்கப்புறம் அந்த அரை மைல் இரண்டு பக்கமும் கள்ளிப்புதர்தான். பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்திலேயே ஒரு லாரிக்காரன் வண்டியை மெதுவாக்கி, அவள் நடக்கிற வேகத்துக்குப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அக்கா குனிந்து ஒரு கல்லை எடுத்திருக்கிறாள். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். வீட்டுக்கு வந்து சேர்கிறவரை அவள் கல்லைக் கீழே போடவில்லை.

இந்த விஷயம் மாமா காதுக்குப் போனது. அம்மாவின் தம்பி, மலைமேல் ஒரு ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி. எல்லைக்கு அந்தப்பக்கத்து ஆட்களோடு பழகிப் பழகிப் பேச்சில் பாதி மலையாளம் கலந்து, ‘போதும்’ என்பதற்கு ‘மதி’ என்கிறவர். சந்தைக்கு இறங்கி வந்தவர் மூட்டையைக்கூட இறக்கி வைக்காமல் தீர்ப்புச் சொன்னார்.

“படிச்சது மதி அத்தான். கம்பத்துல ஒரு பையன் இருக்கான். பாத்து முடிச்சிருவோம்.”

“பதினாலு வயசுடா அதுக்கு” என்றார் அப்பா.

“லாரிக்காரனுக்குத் தெரியுமா பதினாலுன்னு?”

அப்பா அவர் மூட்டையை வாங்கிக் கீழே வைத்தார். ஆடி முடிகிறவரைக்கும் பொறு என்றார். அதற்குள் பஸ் நிற்க ஏற்பாடு செய்கிறேன், நிற்காவிட்டால் உன் இஷ்டம் என்றார். அக்கா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழ வேண்டியவன் நான்தான். என் வீட்டுக்கணக்கு முழுவதையும் போட்டுக் கொடுப்பது அவள்தான். அவளைக் கம்பத்துக்குக் கட்டிக் கொடுத்துவிட்டால் நான் வருஷா வருஷம் அதே வகுப்பில் உட்கார்ந்து தாடி வளர்க்க வேண்டியதுதான். தங்கையோ அக்காவோ படிக்க வேண்டும் என்று பாடுபட்ட நல்ல உள்ளங்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பட்டியலில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள்.

யோசனை கொடுத்தது மாமாதான். அவருக்கே அது தெரியாது. மாமாவை வழியனுப்ப நான் ரோடுவரை போயிருந்தேன். பஸ் இங்கே நின்றால் அவருக்கும் சௌகரியம்தானே, டிரைவரிடம் சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

“மலை ஏறுற டிரைவரு மொதலாளி சொன்னாக்கூட நிக்க மாட்டான் மாப்ளே” என்றார். “சாமியக் கண்டா மட்டும் எஞ்சினை அமத்திட்டு எறங்குவான். பதினேழு வளைவு. பிரேக்கு போச்சுன்னா மொதலாளியா வந்து புடிப்பான்?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீடெல்லாம் தூங்குகிற நேரத்தில், கொல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த, ஒரு முனை தேய்ந்து மெலிந்த பழைய அம்மிக்குழவியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நான் ரோட்டுக்குப் போனேன். எங்கள் நகருக்கு எதிரே ஒரு புளியமரம் நின்றது. அடியில் கரண்டிக்காம்பால் அரைச் சாண் குழி தோண்டி, குழவியைச் செங்குத்தாக நட்டு, மண்ணை மிதித்தேன். அம்மாவின் மஞ்சள்தூளைக் குழைத்துப் பூசினேன். குங்குமம் வைத்தேன். எந்தச் சாமி என்று நான் முடிவு செய்திருக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மேலே திருநீற்றுப் பட்டையும் போட்டேன். இரண்டு செவ்வரளிப் பூவைத் தலையில் வைத்தேன். வழுக்கைத் தலையில் பூ நிற்காமல் விழுந்தது. மறுபடி வைத்தேன். பிறகு கள்ளிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஐந்து மணிக்கு பஸ் வந்தது. சாமி மேல் ஒரு படி புழுதியைப் போட்டுவிட்டுப் போனது.

திங்களும் அப்படியே. இரண்டு நாள் யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒரு உண்மை புரிந்தது. ஒருவரும் சாப்பிடாத ஓட்டலில் எவனும் சாப்பிட நுழைய மாட்டான். உடனே வேலையில் இறங்கினேன். எங்கோ கிடந்த தேங்காய் மூடிகளைப் பொறுக்கி வந்து போட்டேன். காய்ந்த எலுமிச்சம்பழங்களை நசுக்கி ரோட்டில் தேய்த்தேன். ஒரு செங்கல்லை அடுப்புக்கரியால் கறுப்பாக்கி, ஆயிரம் பேர் சூடம் ஏற்றிய மாதிரி முன்னால் வைத்தேன். நேற்றுப் பிறந்த சாமிக்கு ஒரே சாயங்காலத்தில் நூறு வயது ஆகிவிட்டது.

புதன்கிழமை பஸ் மெதுவாகியது. வியாழக்கிழமை நின்றது. பெரிய மீசை வைத்த டிரைவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து, செங்கல்லின் மேல் நிஜச் சூடத்தை ஏற்றினார். கண்ணை மூடினார். ஒல்லியாக இருந்த கண்டக்டர் பின்னால் வந்து நின்று சாமியை மேலும் கீழும் பார்த்தார்.

“இது என்னண்ணே, புதுசா இருக்கு?”

“புதுசா? செங்கல்லப் பாருடா. நமக்குத்தான் இத்தனை நாளு கண்ணு தெரியல.”

“பேரு?”

டிரைவர் வழுக்கைத் தலையைப் பார்த்தார். “மொட்டைச்சாமி” என்றார், நெடுநாள் பழக்கம் மாதிரி.

நான் வீட்டுக்குப் பறந்தேன். அக்கா அன்றைக்கும் நடந்துதான் வந்திருந்தாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சாமியைக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். அவளுக்குக் கண் கூர்மை.

“டேய், இது நம்ம கதவுக்கு...”

“சாமிய அப்படிச் சொல்லாதக்கா. குத்தமாயிரும்.”

அக்கா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். பிறகு சாமியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். இரண்டையும் ஏன் செய்தாள் என்று நான் கேட்கவில்லை. தொடை எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் அவள் செய்த காரியத்தைக் கண்டக்டர் பிற்பாடு பல பேரிடம் சொல்லியிருக்கிறார். ஸ்டாண்டில் பஸ் ஏறி உட்கார்ந்து, மலையடிவாரத்துக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறாள்.

“அடிவாரத்துல ஒனக்கென்னம்மா சோலி?”

“அடிவாரம் வரைக்கும் வரல. வழியில எறங்கிருவேன்.”

“வழியில நிக்காதும்மா.”

“சாமி கும்பிட நிக்கும்ல அண்ணே? நீங்க கும்பிடுங்க, நான் எறங்கிக்கிறேன்.”

கண்டக்டர் டிரைவரைப் பார்த்தாராம். டிரைவர் மீசையைத் தடவினாராம். சாமிக்கு முன்னால் இறங்குகிற பொண்ணை இறங்காதே என்று சொல்ல அவர்களுக்கு நாக்கு வரவில்லை. அன்று ஐந்து மணிக்கு, எங்கள் வாசலுக்கு எதிரே, புத்தகப்பையோடு அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கினாள். நான் கள்ளிக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்று, மகாராஜா மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டேன். முள் குத்தியது.

அதற்கப்புறம் சாமி என் கையில் இல்லை. எங்கள் நகர்ப் பெண்கள் வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்தார்கள். மொட்டைச்சாமி மற்றச் சாமிகளுக்கு அண்ணனா தம்பியா, சைவமா கிடாவெட்டா என்று பேச்சு நடந்தது. யாரோ வெள்ளியில் இரண்டு கண் செய்து ஒட்டிவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டில் ஒரு வேதக்காரர் இருந்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவர் வீட்டு முன்பக்கத்துச் சன்னலைப் பெரிதாக்கிப் பெட்டிக்கடை போட்டு, சூடமும் தேங்காயும் விற்க ஆரம்பித்தார். “சாமி உங்களோடது, சூடம் நம்மளோடது” என்று பெருந்தன்மையாகச் சொல்வார். அம்மாவும் மற்றவர்களோடு போய்க் கும்பிட்டாள். வீட்டில் காற்றுக்குக் கொல்லைக் கதவு படார் படார் என்று அடித்தது. “எங்கடா போச்சு அந்தக் குழவி?” என்று என்னை ஒருதரம் கேட்டாள். எனக்கெப்படித் தெரியும் என்றேன். ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து கதவுக்கு வைத்தாள். அத்தோடு விட்டுவிட்டாள். அம்மா வெகுளி என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவை நினைத்தால்தான் பாவமாக இருந்தது. பஸ் நிற்பது தன் எட்டாவது மனுவால்தான் என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். புளியமரத்தைத் தாண்டும்போது சைக்கிளில் முகத்தை நேரே வைத்துக்கொண்டு போவார். “மூடப்பழக்கம்” என்பார். சிரிப்பை அடக்க நான் வாயில் சட்டைக்காலரைத் திணித்துக்கொள்வேன்.

கண் வைத்த பிறகுதான் எனக்குத் தொந்தரவு ஆரம்பித்தது. வெள்ளிக்கண் இரண்டும் நான் எந்தப் பக்கம் போனாலும் என்னையே பார்த்தன. மற்றவர்களுக்கு அது சாமி. எனக்கு மட்டும், அது குழவியாக இருந்த காலம் தெரியும். அதற்கும் என்னைத் தெரியும். மரத்தைத் தாண்டும்போது ஓட ஆரம்பித்தேன்.

அப்போது ஆடிக்காற்று வந்தது. எங்கள் ஊர்க் காற்றை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கணவாய் வழியாக இறங்கினால் ஆளை நடக்கவிடாது, ஓட்டைப் பிரித்துப் பக்கத்து வீட்டுக்குப் போடும். ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், மொட்டைச்சாமி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அரைச் சாண் குழி எத்தனை நாளைக்குத் தாங்கும்? கும்பிட வந்தவர்கள் ஊற்றிய தண்ணீரும் பாலும் வேறு மண்ணைக் கரைத்திருந்தன. நிமிர்த்தலாம் என்று கிட்டே போனேன். கடையிலிருந்து வேதக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். சாமியும் பார்த்தது, சாய்வாக. என் கை நீளவில்லை.

ஐந்து மணிக்கு பஸ் வந்தது. நிற்பதற்காக மெதுவாகியது. டிரைவர் சன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார்.

“சாஞ்சிருச்சுடா” என்றார். குரல் மாறியிருந்தது. “மொகத்தத் திருப்பிக்கிருச்சு. இன்னைக்கு இங்க நிக்கக் கூடாது. வெரசாப் போயிரணும்.”

பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. சன்னலில் அக்கா. “நிறுத்துங்கண்ணே! நிறுத்துங்க!” என்று கம்பியைத் தட்டிக்கொண்டு கத்துகிறாள். நான் பின்னாலேயே ஓடினேன். எவ்வளவு தூரம் ஓடினேன் என்று தெரியாது. வாயெல்லாம் புழுதி. பஸ் சின்னதாகி, மலைப்பக்கம் போய் மறைந்துவிட்டது. நான் உண்டாக்கிய சாமி என் அக்காவை மலைக்கு அனுப்பிவிட்டது.

அந்த பஸ்ஸில் மாமா இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. சந்தை முடிந்து மேலே போய்க்கொண்டிருந்தவர், அடிவாரத்தில் அக்காவோடு இறங்கி, மூட்டைகளை டீக்கடையில் போட்டுவிட்டு, நாலு மைல் அவளை நடத்திக் கூட்டி வந்தார். அப்பா வீட்டுக்கு வந்து சைக்கிளை மறுபடி வெளியே எடுக்கிற நேரத்துக்கு இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள்.

மாமா உட்காரக்கூட இல்லை. “இன்னைக்கு நான் இருந்தேன். நாளைக்கு யாரு இருப்பா?” என்று கேட்டார். சத்தம் போடாமல் கேட்டார். அதுதான் பயமாக இருந்தது. “சாமியே வேணாம்னு மொகத்தத் திருப்பிருச்சு. மதி அத்தான். மதி.”

அப்பா சைக்கிள் மணியை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அக்கா பையை இறக்காமலே, “நாளைக்கும் அந்த பஸ்லதான் வருவேன்” என்றாள்.

“நாளைக்கு ஒருநாளு பாப்போம்” என்றார் அப்பா மாமாவிடம். “நீயும் கூட ஏறி வா. நிக்கலைன்னா அப்புறம் நான் வாயத் தெறக்கல.”

நான் போய்ப் போர்வைக்குள் படுத்தேன். விடிந்ததும் எப்படியாவது போய்ச் சாமியை நிமிர்த்திவிட வேண்டும், சாமி கையைக் கடித்தாலும் பரவாயில்லை என்று உறுதியாக முடிவெடுத்தேன். என் உறுதியான முடிவுகளுக்கு ஒரு குணம் உண்டு, அவை தூக்கத்தைத் தாண்டி வருவதில்லை. எழுந்தபோது வெயில் ஏறியிருந்தது. அப்பாவும் அக்காவும் கிளம்பிப் போயிருந்தார்கள். ரோட்டில் சத்தம் கேட்டது.

மரத்தடியில் பதினொரு வீடும் நின்றது. நடுவே புகுந்து பார்த்தேன். மொட்டைச்சாமி நிமிர்ந்து நின்றது.

நிமிர்ந்தது மட்டுமில்லை. ஆளே மாறியிருந்தது. நேற்றுவரை குட்டையாக, தலை பெருத்து இருந்த சாமி, இப்போது மெலிந்து, ஒரு விரற்கடை உயர்ந்து, கூர்மையாக நின்றது. வெள்ளிக்கண் இரண்டும் மேலே ஏறியிருந்தன. பூசிய மஞ்சள்கூட ஈரம் காயவில்லை.

“விடியத் தெறக்கும்போது பாக்குறேன், நிக்குது” என்று வேதக்காரர் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். “நான் பொய் சொல்லி எனக்கென்ன ஆகப்போகுது? நம்ம சாமிகூடக் கெடையாது.”

“வளந்துருக்கு ஆத்தா” என்றாள் ஒரு பெண். “கோவந்தான். கோவத்துல எந்திரிச்சு நின்னுருக்கு.”

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு அது இன்னொரு அற்புதம், சாமி என்றால் எழுந்து நிற்கத்தானே செய்யும். எனக்கு அப்படியா? அந்தக் கூட்டத்தில் அது குழவி என்று அறிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு குழவி தானாக எழுந்து நின்று வளர்ந்திருக்கிறது. எனக்குத் தொடையிலிருந்து மேல்நோக்கிக் குளிர் ஏறியது. கீழே விழுந்து கும்பிட்டேன். அந்தக் கூட்டத்திலேயே நெஞ்சார, பக்தியோடு கும்பிட்டவன் நான்தான் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

சாயங்காலம் காய்ச்சலோடு போய் நின்றேன். ஐந்து மணிக்கு பஸ் வந்தது. தூரத்திலேயே மெதுவாகியது. டிரைவர் தலையை நீட்டினார். மீசை ஆடியது. எஞ்சின் அமர்ந்தது. இறங்கி ஓடிவந்து, புழுதியில் முழுசாக விழுந்து கிடந்தார். படியில் நின்ற கண்டக்டர் உள்ளே திரும்பி, அதுநாள்வரை அவர் வாயில் வராத வார்த்தையை, தொண்டை கிழியக் கூவினார்.

“மொட்டைச்சாமி ஸ்டாப்பு! எறங்குறவங்க எறங்கு!”

அக்கா இறங்கினாள். பின்னாலேயே மாமா இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, சாமியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “பின்னே என்ன?” என்றார் கடைசியில். “சாமியே எறக்கிவிடுறேன்னு நிக்குது. படிக்கட்டும்.”

அன்று ராத்திரி எனக்குக் காய்ச்சல் நூற்றுமூன்று. அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு காலையில் நேராக மொட்டைச்சாமியிடம்தான் போனாள். அதன் காலடித் திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசினாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இனிமேல் பொய் சொல்ல மாட்டேன், திருட மாட்டேன், கணக்கை நானே போடுவேன் என்று சொன்னேன். முதல் இரண்டையும் ஓரளவு காப்பாற்றியிருக்கிறேன்.

அப்பா அந்த வாரம் பஸ் முதலாளிக்கு இங்கிலீஷில் ஒரு நன்றிக்கடிதம் அடித்து, எங்களுக்கெல்லாம் உரக்கப் படித்துக் காட்டினார். ‘எமது எட்டாவது மனுவைப் பரிசீலித்து’ என்று அவர் அர்த்தம் சொன்னபோது அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா அடுப்பை ஊதப் போய்விட்டாள். இப்பேர்ப்பட்ட அப்பாவி மனிதரை வைத்துக்கொண்டு இந்தக் குடும்பம் எப்படிப் பிழைக்கப் போகிறது என்று எனக்குக் கவலையாக இருந்தது.

அக்கா படித்தாள். அவள் ஏறிய பஸ்ஸில் பிறகு எங்கள் நகர்ப் பெண்கள் இன்னும் நாலுபேர் ஏறினார்கள். டிக்கெட்டில் ஸ்டாப்பின் பெயர் அச்சாகி வந்தது. அக்கா படித்து முடித்து அதே ஹைஸ்கூலில் டீச்சராகச் சேர்ந்தாள். அவளிடம் கணக்குப் படித்தவர்களில் நான்தான் மிகவும் மோசம் என்று இன்றும் சொல்கிறாள்.

நானும் ஒருவழியாகத் தேறி, வெளியூரில் வேலை கிடைத்து, முதல் லீவில் வீட்டுக்கு வந்திருந்தேன். சம்பாதிக்கிற பிள்ளை, இனி அடி விழாது என்ற தைரியம். அப்பா கொல்லையில் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, ரொம்ப நாளாக மனதில் இருந்த பாரத்தை மெல்ல எடுத்தேன்.

“அப்பா, ஒங்க மனுவால பஸ்ஸு நிக்கலப்பா. நீங்க வருத்தப்படக் கூடாது. மொட்டைச்சாமிய நட்டது நான். நம்ம வீட்டுக் குழவிதான் அது.”

அவர் அதிரப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் ஒரு கன்னத்தை முடித்தார். கத்தியை நுரையில்லாமல் துணியில் துடைத்தார். அடுத்த கன்னத்தைக் கண்ணாடிக்குத் திருப்பிக்கொண்டு சொன்னார்:

“தடிச்ச பக்கம் அடியில போகணும்டா, மடையா.”